சுழலும் குழாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சியவர்: யார் இந்த ஸ்வெட்பெர்க்?

லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது உள்ளே கொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். அதுதான் சென்ட்ரிஃபியூஜ். ரத்தக் குழாயை அதில் மாட்டி, நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுற்றவிட்டால் கனமான சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலே இளமஞ்சள் நிறத்தில் திரவம் தெளிந்து நிற்கும். அப்புறம் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, குழாயை எடுத்துப் பார்ப்பார்கள்.

நிறுத்திய பிறகு பார்ப்பது சுலபம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியுமா? அதுவும் நொடிக்கு 700 சுற்று ஓடும்போது? சும்மா வேடிக்கைக்காக இல்லை. உள்ளே இறங்கும் பொருள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எங்கே போய் நிற்கிறது என்று அளந்து, அதை வைத்து ஒரே ஒரு மூலக்கூறின் எடையைச் சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் தியோடோர் ஸ்வெட்பெர்க். பேரைக் கேட்டால் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிளஸ் ஒன்னில் உயிரியல் படித்த எல்லோரும் அவர் பேரின் முதல் எழுத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பாக்டீரியாவில் 70எஸ் ரைபோசோம், நம் செல்களில் 80எஸ் ரைபோசோம் என்று படித்தோமே, அந்த 'எஸ்' இவர்தான்.

அந்தப் பாடத்தில் ஒரு விஷயம் பலரைக் குழப்பியிருக்கும். 70எஸ் ரைபோசோமைப் பிரித்தால் 50எஸ், 30எஸ் என்று இரண்டு துண்டு வரும். ஐம்பதும் முப்பதும் எண்பதுதானே, எழுபது எப்படி வந்தது? எஸ் என்பது எடை இல்லை, அதனால்தான். சென்ட்ரிஃபியூஜில் ஒரு பொருள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு அது. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஒரு ஸ்வெட்பெர்க். எடையோடு சேர்த்து உருவத்தையும் பொறுத்தது அது. இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு ஓடும்போது, தனித்தனியாக ஓடுவதைக் கூட்டிய வேகத்தில் ஓடுவதில்லை.

சூதாட்டம் மாதிரி ஆரம்பித்த வாழ்க்கை

1884 ஆகஸ்ட் 30 அன்று, ஸ்வீடனின் யேவ்லே நகருக்குப் பக்கத்தில் ஃப்ளேராங் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா எலியாஸ், இரும்பாலை நிர்வாகி. தியோடோர் என்ற பேரைச் சுருக்கி 'தெ' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கட்டுரைகளிலும் அப்படியே கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் அதை எழுதினால் 'தி' என்ற சொல்லின் அதே மூன்று எழுத்து வரும். அதனால் அவர் பேரை ஆங்கிலத்தில் முதல்முறை பார்ப்பவர்கள் அச்சுப்பிழையோ என்று ஒரு நொடி தயங்குவது இன்றும் நடக்கிறது.

பையனுக்குச் செடிகொடிகள் மேல் உயிர். தாவரவியல் பக்கம் போயிருக்க வேண்டியவர். உயிர்களின் புதிர்கள் பலவற்றுக்கு விடை வேதியியலில்தான் கிடைக்கும் என்று நம்பி, 1904-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றே வருடம், 1907-ல் முனைவர் பட்டம் கையில்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கூழ்மங்கள். பால், மை, ரத்தம் எல்லாம் இந்த வகைதான். பார்க்கத் திரவம் மாதிரி இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். திரவத்துக்குள் உலோக மின்முனைகளை வைத்து, மின்பொறி பாய்ச்சி, தங்கம், வெள்ளி என்று பல உலோகங்களை நுண்துகள்களாகக் கரைக்கும் ஒரு வழியை இளம் ஸ்வெட்பெர்க் கண்டுபிடித்தார். அது நல்ல வேலை. பேரும் கிடைத்தது.

அடுத்ததில்தான் சறுக்கினார். திரவத்தில் மிதக்கும் துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும் இல்லையா, அந்தப் பிரௌனியன் இயக்கத்தை அளந்துவிட்டதாக அறிவித்தார். துகள்கள் அலை மாதிரி ஆடிக்கொண்டு நகர்கின்றன, அவற்றின் வேகத்தை நேரடியாக அளந்தேன், ஐன்ஸ்டைனின் கோட்பாடு நிரூபணமாகிவிட்டது என்பது அவர் கட்சி. அந்த ஐன்ஸ்டைனே 1907-ல் ஒரு சிறு கட்டுரை எழுதி, அப்படிப்பட்ட வேகத்தை அளக்கவே முடியாது என்று விளக்கினார். துகள் ஒவ்வொரு கணமும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது உண்மையான வேகமே அல்ல. பிரான்ஸில் இதே விஷயத்தைக் கவனமாக அளந்துகொண்டிருந்த ஜான் பெரினும் ஸ்வெட்பெர்கின் முடிவுகளை ஏற்கவில்லை.

இருபத்து இரண்டு வயதில் ஐன்ஸ்டைனிடம் திருத்தம் வாங்குவது யாருக்கும் இனிக்காது. ஆனாலும் ஸ்வீடனில் அவர் வளர்ச்சி நிற்கவில்லை. 1912-ல், 28 வயது வாக்கில், உப்சாலாவில் இயற்பிய வேதியியலுக்கான பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தத் துறைக்கு அந்த நாட்டில் அதுதான் முதல் பேராசிரியர் பதவி. யோசனைகள் அவரிடம் கொட்டிக் கிடந்தன. கணக்கில் கறாராக இருப்பது அவருடைய பலம் இல்லை. அந்தக் குறையைப் பின்னால் அவருடைய மாணவர்கள்தான் அடைத்தார்கள்.

கண்ணால் பார்க்கும் சென்ட்ரிஃபியூஜ்

கூழ்மத் துகள் எவ்வளவு பெரிசு? இதுதான் அவரை விடாமல் துரத்திய கேள்வி. ஒரு வழி எல்லோருக்கும் தெரியும்: படியவிட்டுப் பார்ப்பது. கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் வைத்தால் மணல் உடனே இறங்கும், வண்டல் மெதுவாக இறங்கும். இறங்கும் வேகத்தை வைத்து அளவைக் கணக்கிடலாம். ஆனால் துகள் மிகச் சிறிதாகிவிட்டால் பூமியின் ஈர்ப்பு போதாது. துடிப்பு அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிவிடும். வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் படியாது.

அப்படின்னா ஈர்ப்பைக் கூட்ட வேண்டும். சுற்றினால் கூடும். ஊஞ்சலிலோ ராட்டினத்திலோ நாம் உணர்வது அதைத்தான்.

1923-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சுமார் எட்டு மாதம் விருந்தினராக இருந்தார் ஸ்வெட்பெர்க். அங்கே பர்ட்டன் நிக்கல்ஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து, சுற்றும்போதே உள்ளே பார்க்கக்கூடிய ஒரு சென்ட்ரிஃபியூஜைக் கட்டினார். ஊர் திரும்பியதும் ஹெர்மன் ரிண்டே என்ற மாணவரோடு சேர்ந்து அதை மேம்படுத்தினார். 1924-ல் வந்த கட்டுரையில் அதற்கு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்று பேர் வைத்தார்கள்.

இந்தப் பேரில் ஒரு குழப்பம் உண்டு. அல்ட்ரா என்றதும் படுவேகம் என்றுதான் இன்றைக்கு எல்லோரும் நினைக்கிறார்கள். கூழ்மத் துகள்களை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் அல்ட்ராமைக்ரோஸ்கோப் அப்போது பிரபலம். கூரை ஓட்டை வழியாக விழும் வெயிலில் தூசி மின்னுமே, அதே தத்துவம். அந்தப் பேரை ஒட்டித்தான் இது வந்தது. ஸ்வெட்பெர்குக்கு வேகத்தைவிட முக்கியம், உள்ளே நடப்பதைப் பார்த்து அளக்க முடிவது. வேகம் மட்டும் போதுமென்றால் பால் பண்ணைக்காரர்களிடம் அப்போதே நல்ல மெஷின் இருந்தது. பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரங்களுக்கு ஸ்வீடன் பேர்போன நாடு.

பார்ப்பது எப்படி? சுழலும் ரோட்டரில் மேலிருந்து கீழாக ஒரு துளை. அதில் சின்ன அறை ஒன்று, மேலும் கீழும் குவார்ட்ஸ் ஜன்னல். ஒரு பக்கம் பாதரச விளக்கு, மறுபக்கம் கேமரா. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளை விளக்குக்கு நேராக வரும்போது ஒரு மின்னல் மாதிரி ஒளி கடந்து போகும். நொடிக்கு நூற்றுக்கணக்கான மின்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தால், சினிமா ரீல் மாதிரி, அசையாத ஒரு படம் கிடைத்துவிடும். கரைபொருள் இருக்கும் இடத்தில் ஒளி விழுங்கப்படும், தெளிந்த இடத்தில் தாராளமாகப் போகும். போட்டோ தட்டில் எந்த இடம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று அளந்தால், அறைக்குள் எந்தத் தூரத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

காகிதத்தில் சுலபம். செய்து பார்த்தபோது எல்லாமே படுத்தி எடுத்தது. அறையின் ஒரு பக்கம் கொஞ்சம் சூடானால் போதும், உள்ளே திரவம் கொதிக்கும் கஞ்சி மாதிரி புரள ஆரம்பித்துவிடும், படிந்ததெல்லாம் கலங்கிவிடும். காற்றின் உராய்வில் ரோட்டர் சூடாவதால், அதைச் சுற்றி ஹைட்ரஜன் வாயுவை நிரப்பினார்கள். அது உராய்வைக் குறைக்கும், வெப்பத்தையும் சீக்கிரம் கடத்திவிடும். இன்னொரு சிக்கல் அறையின் வடிவம். சுற்றும்போது துகள்கள் மையத்திலிருந்து விசிறியின் மடிப்புகள் மாதிரி விரிந்து போகும். நேர்ச் சுவர் உள்ள குழாயில் அவை பக்கச் சுவரில் மோதிச் சரிந்து கலக்கத்தை உண்டாக்கும். எனவே அறையையே பீட்சா துண்டு மாதிரி, வெளியே போகப் போக அகலும் வடிவத்தில் செய்தார்கள். இன்றைக்கு விற்கும் கருவிகளிலும் அறை இதே வடிவம்தான்.

அந்த இரவில் தெரிந்த விடியல்

இங்கே கதைக்குள் ராபின் ஃபோரேயஸ் வருகிறார். மருத்துவர். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஈஎஸ்ஆர் என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்ற அளவு. அந்தப் பரிசோதனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இவர். படிவதைப் பற்றி ஊறிப்போன ஆள்.

புரதங்களை இந்த மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும். அன்றைய நிலையில் புரதம் என்றால் என்ன என்பதிலேயே சண்டை இருந்தது. ஒரு புரதத்துக்கு உப்பு, சர்க்கரை மாதிரி நிச்சயமான மூலக்கூறும் எடையும் உண்டு என்று சிலர் சொன்னார்கள். கூழ்ம வேதியியல்காரர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னச் சின்ன மூலக்கூறுகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட உருண்டைகள்தான் புரதம், ஒரு உருண்டை பெரிது, ஒன்று சிறிது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். ஸ்வெட்பெர்க் வளர்ந்தது இந்த இரண்டாவது முகாமில். அவர் எதிர்பார்த்ததும் பல அளவுகள் கலந்த ஒரு கூட்டத்தைத்தான்.

இது பண்டிதர்களின் வெட்டிச் சண்டை இல்லை. உருண்டைக் கட்சி ஜெயித்திருந்தால், புரதத்துக்கு வடிவம் உண்டு, அந்த வடிவத்தால்தான் அது வேலை செய்கிறது என்று தேடுவதற்கே அர்த்தம் இருந்திருக்காது. இன்றைய மருந்துத் துறையில் பாதி அந்தத் தேடலில் பிறந்ததுதான்.

முதலில் பாலில் உள்ள கேசீனைப் போட்டார்கள். பல அளவுத் துகள்கள் கலந்துதான் இருந்தன. எதிர்பார்ப்பு சரி மாதிரிதான் தெரிந்தது. அடுத்து ஹீமோகுளோபின். இயற்கையிலேயே சிவப்பு என்பதால் போட்டோவில் தெளிவாகத் தெரியும். மெஷின் இரவும் பகலும் ஓடியது. ஒரு நாள் நள்ளிரவில் கருவிக்குக் காவலாக இருந்த ஃபோரேயஸ், ஸ்வெட்பெர்குக்கு ஃபோன் செய்து விடியல் தெரிகிறது என்று சொன்னதாக அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். அறையின் மேல்பகுதியில் சிவப்பு விலகி வெளுக்க ஆரம்பித்திருந்தது. புரதம் படிகிறது!

நாள் கணக்கில் ஓடவிட்டு, வெளியே தள்ளும் விசையும் உள்ளே திரும்பிப் பரவும் துடிப்பும் சமமாகி நிற்கும் நிலையைப் படமெடுத்தார்கள். கணக்குப் போட்டால் சுமார் 67,000 வந்தது. அதாவது ஹைட்ரஜன் அணுவைப்போல் அத்தனை மடங்கு. ஒரு இரும்பு அணுவுக்கு ஏறத்தாழ 16,700 என்ற கணக்கு ஏற்கெனவே இருந்ததால், ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இரும்பு அணுக்கள் என்று ஆனது. அதே சமயத்தில் கேம்பிரிட்ஜில் கில்பர்ட் அடேர், சவ்வூடு பரவல் அழுத்தம் என்ற முற்றிலும் வேறு வழியில் அளந்து கிட்டத்தட்ட இதே எண்ணுக்கு வந்திருந்தார். இரண்டு பேர், இரண்டு வழி, ஒரே விடை.

எடையைவிட பெரிய செய்தி இன்னொன்று. எல்லா ஹீமோகுளோபின் மூலக்கூறுகளும் ஒரே எடை. பெரிசு சிறிசு என்று ஒரு கூட்டமே இல்லை. ஸ்வெட்பெர்க் தன் சொந்த முகாமின் நம்பிக்கைக்கு எதிரான ஆதாரத்தைத் தன் கையாலேயே படம் எடுத்திருந்தார். கட்சி மாறத் தயங்கவில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

42,000 சுற்று

1926 ஜனவரியில் புதிய மெஷின் ஓடியது. எண்ணெயைப் பீய்ச்சி அடித்து ஓட்டும் டர்பைன், நிமிடத்துக்கு 42,000 சுற்று. புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசை. ஒரு கிராம் பொருள் அதற்குள் நூறு கிலோ எடையாக அழுத்தும். இரும்பாலை வீட்டுப் பையனுக்கு எஃகின் மேல் நம்பிக்கை அதிகம்தான். ஆனாலும் வேகத்தைக் கூட்டக் கூட்ட ரோட்டர்கள் வெடித்தன. ஒவ்வொன்றும் குரோமியம், நிக்கல் கலந்த உயர்ரக எஃகில் கடைந்து எடுத்தது. உடைந்தால் துண்டுகள் குண்டு மாதிரி சிதறும் என்பதால் தடிமனான எஃகுக் கூண்டுக்குள் வைத்து ஓட்டினார்கள்.

இந்த வேகத்தில் சமநிலைக்காக நாள் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. படியும் வேகத்தையே சில மணி நேரத்தில் நேராக அளக்கலாம். தெளிந்த பகுதிக்கும் கலங்கிய பகுதிக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு உருவாகி வெளிநோக்கி நகரும். மாரத்தான் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் ஓடினால் கூட்டம் கடைசிவரை ஒரே வரிசையாகப் போகும். ஆளுக்கு ஒரு வேகம் என்றால் கூட்டம் இழுபட்டு நீளும். அதேபோல் எல்லைக்கோடு கூர்மையாக நின்றால் எல்லா மூலக்கூறும் ஒரே ரகம்.

அடுத்து நத்தையின் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நத்தைக்கு இரும்புக்குப் பதில் தாமிரம் உள்ள ஹீமோசயனின். எடை பல பத்து லட்சங்கள் வந்தது, ராட்சசன். இவ்வளவு பெரியதாக இருந்தால் நிச்சயம் ஒட்டிக்கொண்ட உருண்டைதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எல்லைக்கோடு கத்தி மாதிரி கூர்மையாக நகர்ந்தது. அதற்குப் பிறகு உருண்டைக் கட்சிக்குப் பேச அதிகம் இல்லாமல் போனது.

அதே 1926-ல் வேதியியல் நோபல். இங்கேதான் ஒரு வேடிக்கை. பரிசு கொடுத்தது பொதுவாகக் கூழ்மங்கள் பற்றிய வேலைக்கு. அதில் ஐன்ஸ்டைன் திருத்திய பழைய பகுதியும் அடக்கம். அதே வருடம் இயற்பியல் நோபல் வாங்கியவர் யார் தெரியுமா? அவரை விமர்சித்த அதே பெரின். 1927 மே மாதம் நோபல் உரை நிகழ்த்த வந்த ஸ்வெட்பெர்க், பரிசுக்குக் காரணமான பழைய வேலைகளை விட்டுவிட்டு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜைப் பற்றியே பேசினார். புத்திசாலித்தனம்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். படியும் வேகத்திலிருந்து எடையைக் கணக்கிட அவர் பயன்படுத்திய சூத்திரத்தில், துகள் பரவும் வேகமும் வேண்டும். அந்தப் பகுதி ஐன்ஸ்டைனின் பிரௌனியன் கோட்பாட்டிலிருந்து வந்தது. முன்பு தவறாகப் புரிந்துகொண்ட அதே விஷயம் இப்போது அவர் கருவியின் முதுகெலும்பு.

வெளிச்சம் வளைவதை அளந்தவர்கள்

ஹீமோகுளோபினுக்கு நிறம் உண்டு. மற்ற புரதங்கள் கண்ணாடி மாதிரி நிறமற்றவை. புறஊதா ஒளியை அவை விழுங்கும் என்பதால் அதை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் கழுவி, கருமையை அளந்து, வரைபடம் போட்டு முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வேறு வழியைக் கொண்டுவந்தவர் மாணவர் ஓலே லாம். கணக்கில் கில்லாடி. வெயிலில் தார் ரோட்டைப் பார்த்தால் தூரத்தில் காட்சி நெளியுமே, கானல்? சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சேரும் இடத்தில் ஒளி வளைவதால் வருவது அது. சர்பத் டம்ளரில் சர்க்கரை கரையும்போது நெளியும் கோடுகளும் அதேதான். சென்ட்ரிஃபியூஜ் அறைக்குள் எல்லைக்கோடு இருக்கும் இடத்தில் புரதத்தின் அடர்த்தி சட்டென்று மாறுகிறது. அங்கே ஒளி வளையும். லாம் ஒரு நுண்ணிய அளவுகோலை அறை வழியாகப் படமெடுத்தார். எல்லைக்கோடு இருக்கும் இடத்தில் அளவுகோலின் கோடுகள் கொஞ்சம் தள்ளித் தெரியும். எந்தக் கோடு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து வரைந்தால், எல்லைக்கோடு ஒரு மலை முகடு மாதிரி எழும்பி நிற்கும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அளப்பவரின் கண் போய்விடும்!

1930-களின் கடைசியில் இந்த உழைப்பும் குறைந்தது. ஆக்ஸ்போர்டில் ஜான் ஃபில்பாட், உப்சாலாவில் ஹாரி ஸ்வென்சன் இருவரும், ஷ்லீரன் என்ற பழைய ஜெர்மானிய ஒளியியல் உத்தியில் சாய்வான ஒரு விளிம்பையும் உருளை வடிவ லென்ஸையும் சேர்த்தார்கள். அதன்பிறகு யாரும் எதையும் அளந்து வரையத் தேவையில்லை. மலை முகடு தானாகவே திரையில் தெரிந்தது. ஒரு புரதத்துக்கு ஒரு முகடு. கலவை என்றால் இரண்டு, மூன்று. மெஷின் ஓட ஓட முகடுகள் ஊர்ந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த ஃபில்பாட்டைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1934-ல் அவர் உப்சாலாவில் வேலை பார்த்தபோது, பெப்சின் புரதக் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டார். திரும்பி வந்தால் பெரிய பெரிய படிகங்கள். அங்கே வந்திருந்த ஒரு நண்பர் அவற்றில் சிலவற்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே பெர்னாலும் டோரதி க்ரோஃபுட்டும் அவற்றை எக்ஸ்-ரேயில் படமெடுத்தார்கள். ஒரு புரதப் படிகத்தின் முதல் தெளிவான எக்ஸ்-ரே படம் அதுதான். அந்த டோரதி பின்னாளில் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பேரில் நோபல் வாங்கினார். உப்சாலா அப்போது அப்படி ஒரு இடம். ஸ்வெட்பெர்கின் உதவியாளராகச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ், புரதங்களை மின்புலத்தில் பிரிக்கும் முறைக்காக 1948-ல் நோபல் பெற்றார்.

கருவி சரி, விதி தப்பு

எண்கள் குவிந்ததும் ஸ்வெட்பெர்குக்கு ஒரு ஒழுங்கு தெரிந்தது. 34,500 ஒரு அடிப்படை அலகு. மற்ற புரதங்களின் எடையெல்லாம் அதன் மடங்குகள். 1929 முதல் இதை ஒரு இயற்கை விதியாகவே முன்வைத்தார். பிறகு அலகை ஏறத்தாழ பாதியாக, 17,600 என்று குறைத்தார். பத்து வருடத்துக்கும் மேலாக உலகம் இதை நம்பியது. அளந்தவர் யார் என்று பார்த்தால் நம்பாமல் என்ன செய்வது?

அந்த விதி தப்பு. இன்சுலினை எடுத்துக்கொள்வோம். உப்சாலா அளவீட்டில் அது சுமார் 35,000. விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பின்னர் ஃபிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையைக் கண்டறிந்தபோது ஒரு மூலக்கூறு 6,000-க்கும் கீழே என்று தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கரைசலில் இன்சுலின் ஆறு ஆறாகக் கூட்டுச் சேரும். மெஷின் அந்தக் கூட்டணியின் எடையைச் சரியாகச் சொன்னது. அளவீட்டிலிருந்து தத்துவத்துக்குத் தாவியதில்தான் கோளாறு. இளம் வயதில் பிரௌனியன் விஷயத்தில் செய்ததும் இதே தாவல்தான்.

ரத்தத்தைச் சுற்றியபோது அங்கே வேலை செய்தவர்களை இன்னொரு புதிரும் அலைக்கழித்தது. கரைசலின் அடர்த்தியைப் பொறுத்துத் தோன்றியும் மறைந்தும் விளையாடும் ஒரு முகடு. எக்ஸ் புரதம் என்று பேர் வைத்துவிட்டு முழித்தார்கள். 1940-களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஜான் காஃப்மன் குழு அதை அவிழ்த்தது. அது கொழுப்பைச் சுமக்கும் புரதம். உப்புக் கரைசலின் அடர்த்தியைக் கூட்டினால் படிவதற்குப் பதில் மிதக்கும். நம் லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல், எச்டிஎல் என்ற பிரிவுகள் அந்த மிதக்கும் முகடுகளிலிருந்து வந்தவைதான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஸ்வெட்பெர்க் சென்ட்ரிஃபியூஜை விட்டுச் செயற்கை ரப்பருக்குப் போனார். கடல்வழி அடைபட்டு, இறக்குமதி ரப்பர் நின்றுபோனதில் ஸ்வீடன் தவித்தது. உற்பத்தி முறையை உருவாக்கும் பொறுப்பு அவருடைய கூடத்துக்கு வந்தது. போருக்குப் பின் அணுக்கரு ஆராய்ச்சி. தொழிலதிபர் குஸ்டாஃப் வெர்னரின் நன்கொடையில் உப்சாலாவில் ஒரு பெரிய சைக்ளோட்ரான் எழுந்தது. 1949-ல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்த நிறுவனத்தின் தலைவரானவர், 1967 வரை இருந்தார். அங்கேதான் 1957-ல் புரோட்டான் கற்றையால் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. சென்னையில் இன்று புரோட்டான் சிகிச்சை மையம் இருக்கிறது. அந்தச் சிகிச்சையின் ஆரம்பகால முகவரிகளில் ஒன்று உப்சாலா.

வீட்டு வாழ்க்கையை ஒரு வரியில் அடக்குவது கஷ்டம். நான்கு திருமணங்கள், பன்னிரண்டு பிள்ளைகள். முதல் மனைவி ஆந்த்ரேயா ஆந்த்ரேயன் பின்னாளில் ஸ்வீடனில் அறியப்பட்ட மருத்துவர். ஓய்வு நேரத்தில் ஸ்வெட்பெர்க் ஓவியம் தீட்டினார். காடு மேடெல்லாம் அலைந்து செடிகள் சேகரித்தார். சின்ன வயதுப் பித்து கடைசிவரை விடவில்லை. 1971 பிப்ரவரி 25 அன்று, 86 வயதில் காலமானார்.

எண்ணெய் டர்பைன் மெஷின்கள் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொள்ளும். ஓட்டத் தனிப் படை வேண்டும். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இருந்தன. 1947-ல் அமெரிக்காவில் எட்வர்ட் பிக்கல்ஸின் ஸ்பின்கோ நிறுவனம், மின்மோட்டாரில் ஓடும் மாடல்-ஈ என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரணக் கூடங்களுக்கும் இது எட்டியது. 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் டிஎன்ஏ எப்படி இரட்டிக்கிறது என்று காட்டியது இப்படியொரு கருவியில்தான். சுழலும் அறையைப் புறஊதா ஒளியில் படமெடுத்து, கனமான இழை, லேசான இழை, நடுவே இரண்டும் கலந்த இழை என்று தனித்தனிப் பட்டைகளாகக் காட்டினார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பெற்றது ரைபோசோமின் கட்டமைப்புக்காக. அவர் குழு அணு அணுவாகப் பிரித்துப் பார்த்த துண்டின் பேர் 30எஸ்.

இன்றைய கருவியில் பாதரச விளக்கும் போட்டோ தட்டும் கிடையாது. அறை நேராக வரும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு செனான் விளக்கு பளிச்சிடும். கம்ப்யூட்டர் வளைவரையைப் போட்டுக் கொடுக்கும். மரபணு சிகிச்சை தயாரிக்கும் கம்பெனிகளில் இதற்கு நல்ல கிராக்கி. மரபணுவைச் சுமக்க வேண்டிய வைரஸ் ஓடுகளில் சில காலியாகவே வந்துவிடும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சுற்றவிட்டால் நிறைந்த ஓடு வேகமாகவும் காலி ஓடு மெதுவாகவும் படியும். திரையில் இரண்டு முகடுகள். எந்த முகடு எவ்வளவு உயரம் என்று பார்த்து, அந்த மருந்து நோயாளிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.